பெயர் மட்டும் போதாது, புத்தகமும் வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூல் எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நூற்பெயர்களோடு கேள்விகளும் நிறைய இருந்தமையால், இவ்விதழில் இந்தப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் ஹட்டியின் (படகர் ஊரின்) சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு முறை கூடி, அவரவர் அப்போது படிக்கும் நூலைப் பற்றிப் பேசுகிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சிறு தேயிலை விவசாயிகள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். ஆனால், வருகிறவர்கள் புகழ்பெற்ற நூல்களின் பெயர்களையே சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. கூட்டத்தை எப்படி நடத்துவது?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோத்தகிரி வட்டம்

பதில்: ஒரே ஒரு விதியைக் கொண்டுவாருங்கள். பேசுகிறவர், தாம் பேசும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். 'நல்ல நூல் எது?' என்று கேட்டால், தேர்வு எழுதுகிற மாணவரைப் போல, கேட்பவருக்குப் பிடித்த விடையைத்தான் மனிதர்கள் சொல்வார்கள். 'இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு அப்படி விடை சொல்ல இயலாது. பக்கத்துக்கு நடுவே செருகியிருக்கும் பேருந்துச் சீட்டே உண்மையைச் சொல்லிவிடும்.

இந்த விதியை வைத்தவுடன், கூட்டத்துக்கு வரும் நூல்களின் வகை மாறிவிடும் என்பதையும் தாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயைப் பற்றிய கையேட்டை ஒரு விவசாயி கொண்டுவருவார்; போட்டித் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்தை ஒரு மாணவி கொண்டுவருவார்; இன்னொருவர் நாற்பது பக்கத்தோடு நிறுத்திவிட்ட நாவலைக் கொண்டுவந்து, ஏன் நிறுத்தினேன் என்று சொல்வார். இவை எதையும் குறைத்து மதிக்காதீர்கள். நோய்க் கையேட்டைக் கொண்டுவந்த விவசாயி, மழையும் மூடுபனியும் தொடரும் நாள்களில் கொழுந்து இலையில் கொப்புளம் எப்படிப் பரவுகிறது என்று பத்து நிமிடம் விளக்கினால், அந்தக் கூட்டத்தில் உள்ள அனைவரும் தம் தோட்டத்தை நினைத்துக்கொண்டே கேட்பார்கள். படித்தது ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை.

கதைச் சுருக்கம் சொல்வதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். நம்மவர்களுக்கு அதில் தனிப்பிரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் தொடங்கி, நாயகியின் சித்தப்பா இறப்பது வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அதற்குப் பதிலாக, தமக்குப் பிடித்த ஒரு பத்தியைப் பேசுகிறவர் வாய்விட்டுப் படிக்கட்டும். அதைக் கேட்ட பிறகு, அந்த நூல் தமக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

கூட்டம் கலையும்போது, அன்று பேசப்பட்ட நூல்களில் ஒன்றிரண்டாவது கைமாற வேண்டும். சமவெளி நகரங்களில் ஒரு பெயரைக் கேள்விப்பட்டவர் மறுநாளே கடைக்குப் போய் வாங்கிவிடலாம். மலையில் இருப்பவர் மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வேறு வேலையாகக் கோயம்புத்தூருக்கு இறங்கும் நாளில் கடை தேட வேண்டும். அஞ்சலில் வரவழைக்கலாம்தான், ஆனால், பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத நூலுக்கு முந்நூறு ரூபாய் செலவழிக்க எல்லோராலும் முடியாது. புத்தகம் பின்தொடராத பெயரைச் சொல்வதால், கேட்டவருக்கு ஏக்கம்தான் மிஞ்சும்.

கேள்வி: குன்னூர்ப் பேருந்து நிலையத்தில் வாங்கும் மாத நாவல்களைத்தான் நான் படிக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அதைச் சொன்னால், பெரியவர் ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், இதைப் படித்திருக்கிறாயா, அதைப் படித்திருக்கிறாயா?" என்று கேட்டு மடக்கிவிடுகிறார். இனிமேல் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா?
— ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: வேண்டாம், அம்மா. தமிழில் மிகவும் புகழ்பெற்ற 'என்ன படித்திருக்கிறீர்கள்?' உரையாடலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று ஐயர் நீண்ட பட்டியல் ஒன்றைச் சொன்னார். முதலியார் அதில் சிறிதும் மகிழவில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அதைப் படித்திருக்கவில்லை.

உங்கள் வட்டத்துப் பெரியவர் செய்யத் தவறியதை முதலியார் அதன் பிறகு செய்தார். தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். தமக்கே அதைப் பாடம் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து ஒப்புநோக்கி, 1887இல் சிந்தாமணியை ஐயர் அச்சில் கொண்டுவந்தார். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவை அதைத் தொடர்ந்து வந்தன. 'என் சரித்திரம்' என்ற தன்வரலாற்றில் இந்தச் சந்திப்பை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. வாரத் தொடருக்காக எழுதப்பட்டமையால், அத்தியாயங்கள் சிறியவை. மாத நாவல் படித்துப் பழகியவருக்கு அது தடையாக இராது என்று நம்புகிறேன். நான் இப்போது மறுபடியும் படித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

ஆகவே, அடுத்த முறை அந்தப் பெரியவர் ஒரு நூலின் பெயரைச் சொல்லிக் கேட்டால், "படித்ததில்லை ஐயா, தங்களிடம் இருந்தால் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். கொடுத்தால் உங்களுக்கு ஆதாயம். கொடுக்காவிட்டால், அவரிடம் புத்தகம் இல்லை, பெயர்தான் இருக்கிறது என்பது வட்டத்துக்குத் தெரிந்துவிடும். மாத நாவலையும் விட்டுவிட வேண்டாம். ஒரே அமர்வில் ஒரு நூலை முடிக்கும் பழக்கம் எளிதில் கைவருவதில்லை.

கேள்வி: நீலகிரியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் மலையைப் பற்றித் தமிழில் எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' நாவலிலிருந்து தொடங்குங்கள். 1963இல் வெளிவந்த நூல். மின்பொறியாளரான கணவரின் பணி காரணமாக நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், படகர் மக்களின் ஊர்களையும் வீடுகளையும் நெருங்கிப் பார்த்து அவர் இதை எழுதினார். ஓரிடத்துக்குச் சென்று, அங்குள்ள மக்களோடு பழகிய பிறகே அவர்களைப் பற்றி எழுதுவது அவருடைய வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலும் அவ்வாறு எழுதப்பட்டதே.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி, நாவலில் காலத்தை அளக்கும் கோலாக வருகிறது. ஜோகி என்ற சிறுவனின் வாழ்க்கையோடு தொடங்கும் கதை, எருமையும் சாமையும் ராகியுமாக இருந்த ஊருக்குள் தேயிலையும் பணமும் பள்ளிப் படிப்பும் நுழைவதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறது. மலையை மாற்றிய நீர்மின் திட்டமும் அதில் வந்துவிடுகிறது. குந்தா நீர்மின் திட்டம் 1950களில் கனடா நாட்டின் உதவியோடு தொடங்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களைக் காணும்போது அவற்றின் அடியில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும்.

ஒன்று சொல்ல வேண்டும். இது வெளியிலிருந்து வந்தவர் எழுதிய நாவல். உங்கள் வீட்டில் அல்லது தோழியின் வீட்டில் படகர் பாட்டி யாரேனும் இருந்தால், பால் கறக்கும் சடங்கையும் திருமணங்களையும் பற்றிய பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டி, இது சரிதானா என்று கேளுங்கள். 'அப்படி இல்லை, எங்கள் சீமையில் வேறு மாதிரி' என்று அவர் தொடங்கிவிட்டால், நாவலில் இல்லாத இன்னொரு நூல் உங்களுக்குக் கிடைத்துவிடும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல், அவர் உயிரோடு இருந்தபோதே நாட்டுடைமையாக்கப்பட்டன. ஆகவே, எந்தப் பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம்.

ஆங்கிலத்தில் படிக்க விருப்பம் இருந்தால், ரிவர்ஸ் என்பவர் 1906இல் வெளியிட்ட தோடர்களைப் பற்றிய நூலும், 1930களில் இங்கு தங்கி ஆய்வு செய்த மொழியியல் அறிஞர் எமனோ தொகுத்து 1971இல் வெளிவந்த தோடர் பாடல்களின் தொகுதியும் இருக்கின்றன. முன்னதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. தோடர்கள் கோயிலாகவே போற்றும் பால்மனையைப் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். பின்னது கனமான தொகுதி. எருமை, இறந்தவர், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு என்று தங்கள் வாழ்வில் உள்ள அனைத்தையும் பாட்டாக்கிவிடும் மக்களை அதில் காணலாம்.

கேள்வி: என் தாயார் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர், ஒப்பந்தத்தின் பேரில் சிறுமியாக இங்கு வந்தவர். இப்போது கண்பார்வை குறைந்துவிட்டதால், இரவில் நான் படித்துச் சொல்லக் கேட்கிறார். எதைப் படித்தாலும், "இதில் நாம் எங்கேடா இருக்கிறோம்?" என்று கேட்கிறார். அவருக்கு எதைப் படித்துக் காட்டலாம்?
— தோட்டத் தொழிலாளி, பந்தலூர்

பதில்: எனக்கு வந்தவற்றில் மிகவும் பிடித்த கேள்வி இது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தாயகம் திரும்பியோர் என்று பெயர் பெற்ற அவர்களுள் ஒரு பகுதியினருக்காக, அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் நீலகிரியில் உருவாக்கப்பட்டன. கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் இத்தனை ஆண்டுகளாக வாழ்ந்தும், நீலகிரி இலக்கியம் என்று பேசும்போது அவர்களுடைய நூல்களை யாரும் சேர்ப்பதில்லை.

நூல்கள் இருக்கின்றன. சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலை முதலில் தேடுங்கள். தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்தில் இருந்து, நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர் அவர். தோட்டப் பாடல்களையும் தொகுத்திருக்கிறார். தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளும் 'காலங்கள் சாவதில்லை' நாவலும் லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து சொல்பவை; 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற பிறகு, தமிழ்நாட்டிலும் அவரைத் தேடிப் படிக்கிறார்கள். கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் கதை. பெண்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவதால், உங்கள் தாயாருக்கு அது மிகவும் பிடிக்கும் என்று எண்ணுகிறேன்.

புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' நீண்ட சிறுகதை. இரண்டு மூன்று இரவுகளில் முடித்துவிடலாம். ஆனால் மிகக் கடுமையானது. 'எரியும் பனிக்காடு' நாவலும் அப்படியே. தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்து, பின்னர் இரா. முருகவேள் தமிழாக்கிய அந்த நூல், ஆனைமலைத் தோட்டங்களில் கங்காணிகளிடம் சிக்கியவர்களைப் பற்றியது. 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்துக்கு அடிப்படையாகவும் அமைந்தது. உறங்கப் போகுமுன் படிக்க அது ஏற்றதன்று. பகலில் படியுங்கள், தாயார் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

இந்த நூல்களைத் தனி மனிதராகத் தேடினால் சிரமம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் வாசகர் கோரிக்கைப் பதிவேட்டில் இவற்றின் பெயர்களை எழுதுங்கள்; உங்களைப் போன்ற இன்னும் சிலரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வயது மகன் யானை, புலி என்றால் சோற்றையும் மறந்துவிடுகிறான். ஆனால் அனைத்தும் கைப்பேசிக் காணொளிகள். அவனுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம்?
— ஒரு தாய், மசினகுடி

பதில்: 'யானை டாக்டர்'. ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள கதை, தனிநூலாகவும் கிடைக்கிறது. வனத்துறைக் கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை ஒட்டி எழுதப்பட்டது. சுற்றுலா வந்தவர்கள் காட்டில் உடைத்து எறியும் மதுப்புட்டிகள் யானையின் காலில் ஏறி, அது சீழ் பிடித்து எப்படிச் சாகிறது என்பது அதில் வருகிறது. புழுக்களைப் பற்றிய பகுதியைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்களே உடனிருந்து படித்துக் காட்டுவது நல்லது. நீலகிரியில் காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் முறை, உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022இல் வந்ததல்லவா? அது எதற்காக என்பதைக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு நீங்கள் தனியாக விளக்க வேண்டியிராது.

வளர்ந்த பிறகு, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள், உல்லாஸ் காரந்தின் நூலை அவர் தமிழாக்கிய 'கானுறை வேங்கை' ஆகியவற்றுக்குப் போகலாம். இப்போது அவசரம் இல்லை.

கேள்வி: நீலகிரி நூலகத்தில் உறுப்பினராவது நல்லதா, மாவட்ட மைய நூலகமே போதுமா?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: இரண்டும் வேறு. 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் உறுப்பினர் சந்தாவால் நடப்பது. கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கட்டடமும் ஆங்கிலேயர் காலத்துப் பழைய நூல்களும் அதன் சொத்து. தமிழ் வாசிப்புக்கு மாவட்ட மைய நூலகத்துக்குச் செல்லுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். கட்டிய பணத்துக்கு நூல் எடுக்காமல் இருப்பானேன்?

கேள்வி: ஆனி, ஆடி மழையில் எங்கள் ஊரில் சுவரே வியர்க்கிறது. புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறது. போதாததற்கு, நண்பருக்கு இரவல் கொடுத்த நூல் நனைந்து, தேநீர்க் கறையோடு திரும்பி வந்தது. மழைக்காலத்தில் இரவல் கொடுப்பதையே நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், தேவாலா

பதில்: தேவாலாவின் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர் யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். முதலில் அலமாரியைப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைத்திருந்தால், ஒரு சாண் தள்ளி உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். தரையிலிருந்தும் உயர்த்தி வையுங்கள். நூல்களை நெருக்கி அடுக்காமல், காற்றுப் போக இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிவைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் உள்ளே அடைபட்ட ஈரமே பூஞ்சையை வளர்க்கும். நெகிழி உறை போடுவதும் இதே காரணத்தால் கூடாது. வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்துவிடுங்கள்.

பூஞ்சை பிடித்த நூலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். ஈரம் இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். ஆகவே, முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் பக்கங்களை விரித்து உலரவிட்டு, பிறகு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் நாள் முழுவதும் வைத்தால் தாள் பழுத்து, அட்டை வளைந்துவிடும். இராமபாணப் பூச்சிக்கு, வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம். சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்ததுதான்.

இரவல் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில், வாங்குகிறவரையே எழுதச் சொல்லுங்கள். தம் கையெழுத்தில் எழுதியவர் திருப்பித் தர மறப்பதில்லை என்பது என் அனுபவம். கையொப்பம் இட்ட பிரதி, அச்சில் இல்லாத நூல், தந்தையார் வைத்திருந்த நூல் ஆகியவற்றை மட்டும் மழைக்காலத்தில் வெளியே அனுப்பாதீர்கள். கறையோடு திரும்பி வந்த நூலைப் பற்றி நண்பரிடம் சண்டை வேண்டாம். அது இன்னும் அச்சில் இருந்தால், புதிய பிரதி ஒன்றை வாங்கித் தரச் சொல்லி அதை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்; கறை பட்ட பிரதியை இனி இரவலுக்கென்றே ஒதுக்கிவிடலாம்.